அப்பா பார்த்த மியூசியம்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னிக்கு எபிசோட் ஒரு கட்டடத்தைப் பத்தி. சரியாச் சொன்னா, ஒரு கட்டடத்தையும் ஒரு ஷெட்டையும் பத்தி.

முதல்லயே சொல்லிடறேன், நான் ஆர்க்கிடெக்ட் கிடையாது. இன்ஜினியரிங் படிச்சேன், எல்லாரையும் மாதிரி சாஃப்ட்வேருக்கு வந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கண்ணாடி பில்டிங், அதுல நாலாவது மாடில உக்காந்து கோட் எழுதறேன். என் ஆபீஸ்ல இருந்து ரெண்டு தெரு தள்ளி ஒரு பிரஸ் ஷாப் இருக்கு. எங்க அப்பா அங்க 31 வருஷம் வேலை பார்த்தார். பவர் பிரஸ் ஆபரேட்டராச் சேர்ந்து, டை செட்டர் ஆகி, கடைசில சூப்பர்வைசர். ஒரே எஸ்டேட், ஒரே பஸ் ஸ்டாப். நான் ஏசில இருக்கேன், அவர் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழ இருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த ஷெட் இந்த மாசம் மூடப் போறாங்க. யார் மேலயும் கோபம் இல்லை. ஓனருக்கு வயசாயிடுச்சு, பசங்க வெளிநாட்டுல. இடத்தை விக்கறாங்க, ஷெட்டை இடிச்சுடுவாங்க. இந்தச் செய்தி வந்த அன்னைக்கு அப்பா சொன்ன ஒரு வார்த்தைதான் இந்த எபிசோட். அதுக்கு வரணும்னா முதல்ல பெங்களூர் போகணும்.

வாசல்லயே நின்னுட்டார்

2023-ல, பிப்ரவரி 18-ம் தேதி, பெங்களூர் கஸ்தூர்பா ரோட்டுல ஒரு புது ஆர்ட் மியூசியம் திறந்தாங்க. பேரு மியூசியம் ஆஃப் ஆர்ட் அண்ட் ஃபோட்டோகிராஃபி. சுருக்கமா 'மேப்'. அபிஷேக் போத்தார் என்பவர் தொடங்கினது. கட்டடத்தை வடிவமைச்சது பெங்களூர்ல இருக்கற மேத்யூ அண்ட் கோஷ் என்ற நிறுவனம், அதாவது நிஷா மேத்யூ கோஷ், சௌமித்ரோ கோஷ். ஐந்து மாடி, சுமார் 44,000 சதுர அடி. காலரிகள், நூலகம், ஆடிட்டோரியம், பழைய படங்களைச் செப்பனிடற லேப் எல்லாம் ஒரே கட்டடத்துல.

திறந்து சில வாரத்துல எனக்கு பெங்களூர்ல ஒரு வேலை வந்தது. அப்பாவுக்கு லீவு, அவரையும் கூட்டிட்டுப் போனேன். செண்ட்ரல்ல பிருந்தாவன் ஏறினோம். அப்பாவுடைய திட்டம் வேற. அதே ரோட்டுல விஸ்வேஸ்வரய்யா இண்டஸ்ட்ரியல் மியூசியம் இருக்கு, அதைப் பார்க்கணும்னு அவருக்கு ரொம்ப நாள் ஆசை. முதல் நாள் அதைப் பார்த்தோம். ஒவ்வொரு மெஷின் முன்னாடியும் அரை மணி நேரம் நின்னார். மறுநாள் என் முறை.

மேப் வாசலுக்கு வந்ததும் அப்பா பிரேக் போட்டுட்டார். "நீ போய் பார்த்துட்டு வாடா. நான் இங்கேயே நிக்கறேன்."

"ஏம்பா?"

"எனக்கு அதுல என்ன தெரியும்?"

இந்த வாக்கியத்தை நீங்களும் உங்க வீட்டுல கேட்டிருப்பீங்க. மாலுக்கு, பெரிய ஓட்டலுக்கு, ஏர்போர்ட்டுக்கு முதல் தடவை கூட்டிட்டுப் போகும்போது. யாரும் அவங்களைத் தடுக்கறது இல்லை. வாசல்ல 'உள்ளே வராதே'ன்னு போர்டும் இல்லை. ஆனா அந்தத் தரையோட பளபளப்பு, அந்தக் கதவோட உயரம், அந்த அமைதி, எல்லாம் சேர்ந்து ஏதோ சொல்லுது. கட்டடங்கள் பேசும் மக்களே. சிலரை 'வா'ன்னு கூப்பிடும். சிலர்கிட்ட 'என்ன விஷயம்?'னு கேக்கும்.

நான் கோபத்துல உள்ள போயிட்டேன். ஒரு நிமிஷத்துல திரும்பி வந்து பார்த்தா, அப்பா ரோட்டுப் பக்கம் நிக்கலை. கட்டடத்து ஓரமாப் போய், கழுத்தைச் சாய்ச்சு, மேல் சுவரைப் பார்த்துட்டு இருந்தார்.

"டேய், இது தண்ணி டேங்க்குடா."

தகட்டுல ஏன் கிராஸ்?

அவர் சொன்னது சரி. அந்தக் கட்டடத்து வெளிச்சுவர் முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு. சதுரம் சதுரமா, ஒவ்வொண்ணுலயும் எம்பாஸ் பண்ணின டிசைன். ஆர்க்கிடெக்ட்களே சொல்லியிருக்காங்க, பழைய இரும்புத் தண்ணி டேங்க்தான் எங்களுக்கு யோசனை கொடுத்ததுன்னு.

எந்த டேங்க்னு தெரியணும்னா ரயில்வே யார்டு பக்கம் பாருங்க. ஆவடிலயோ அரக்கோணத்துலயோ ஜன்னலோர சீட் கிடைச்சா கவனிங்க. இரும்புத் தூண் மேல, சதுரத் தகடுகளை போல்ட் போட்டுச் சேர்த்த பெரிய தொட்டி. ஒவ்வொரு தகட்டுலயும் மூலைக்கு மூலை பெருக்கல் குறி மாதிரி ஒரு மேடு. நான் அதை இருபது வருஷமா பார்த்திருக்கேன். டிசைன்னுதான் நினைச்சேன்.

அப்பா விளக்கினார். தகடு மெல்லிசா, அகலமா இருந்தா நடுவுல நிக்காது. கையால தட்டினா டப்பு டப்புன்னு உள்ள போய் வெளிய வரும். எண்ணெய் டின் அடில அமுக்கிப் பார்த்திருப்பீங்களே, அதேதான். தண்ணி உள்ள இருந்து தள்ளும்போது அது வயிறு மாதிரி உப்பிடும். அதுக்கு ரெண்டு வழி. தகட்டை கனமாப் போடலாம், செலவு ஏறும். இல்லைன்னா அதே தகட்டை பிரஸ்ல வெச்சு அழுத்தி ஒரு மடிப்பு கொடுக்கலாம். மடிப்பு விழுந்த தகடு விறைச்சு நிக்கும். ஒரு காகிதத்தை சும்மா நீட்டினா தொங்கும், நடுவுல மடிச்சா நிக்கும். ஏசி டக்ட்லயும் இதேதான். அடுத்த தடவை மால் பேஸ்மென்ட்ல வண்டியை நிறுத்தும்போது மேல பாருங்க. தகர டக்ட்ல பெருக்கல் குறி இருக்கும். "கிராஸ் போடறது"ன்னு ஷாப்ல சொல்லுவாங்க.

அழகுக்காக ஒரு கோடு, பலத்துக்காக ஒரு கோடுன்னு ரெண்டு இல்லை. ஒரே கோடு ரெண்டு வேலையும் செய்யுது. எனக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு ஆர்ட் மியூசியம் தேவைப்பட்டது. அதுவும், உள்ள வரமாட்டேன்னு சொன்ன ஆள் சொல்லிக் கொடுத்தார்.

சரி, மியூசியத்துக்கு ஏன் தண்ணி டேங்க்? விலைமதிப்பு உள்ளதைச் சேமிச்சு வெக்கற இடம், அதுதான் யோசனை. படிக்கும்போது கொஞ்சம் ஓவரா தெரியலாம். ஆனா 2019 ஜூன்ல சென்னைல இருந்தீங்கன்னா சிரிக்க மாட்டீங்க. செம்பரம்பாக்கம் ஏரி தரை பாளம் பாளமா வெடிச்சுக் கிடந்த நேரம். லாரி வர்ற சத்தத்துக்காக ராத்திரி ரெண்டு மணிக்கு பூந்தமல்லில குடம் வரிசை நின்னுச்சு. அந்த மாசத்துல நம்ம வீட்டுலயே ரொம்ப மரியாதையான பொருள் மொட்டை மாடி டேங்க்தான்.

இருட்டுக்குப் பழகற வழி

அப்பாவை உள்ள கூட்டிட்டுப் போனது நான் இல்லை. வாசல்ல இருந்த செக்யூரிட்டி அண்ணன், எங்க பேச்சைக் கேட்டுட்டு, தமிழ்ல "வாங்க சார், பையை அங்க வெச்சுட்டு போங்க"ன்னார். வேலூர்ப் பக்கமாம். அவ்வளவுதான். அப்பா சட்டையை ஒரு தடவை சரி பண்ணிட்டு உள்ள வந்துட்டார். கோடிக்கணக்குல செலவு பண்ணி வாசல் கட்டலாம். கடைசில ஒரு ஆள் 'வாங்க'ன்னு சொல்லணும்.

உள்ள வந்ததும் முதல் கம்ப்ளெயின்ட்: "ஏன்டா இவ்வளவு மங்கலா இருக்கு?"

இது நல்ல கேள்வி. நம்ம ஊர் மதிய வெயில் கிட்டத்தட்ட 1,00,000 லக்ஸ். ஆபீஸ்ல நம்ம டேபிள் மேல 300-ல இருந்து 500. எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு மியூசியங்கள் பொதுவா வெக்கற எல்லை 200. காகிதம், துணி, பழைய புகைப்படம்னா வெறும் 50. ஏன்னா வெளிச்சம் சாயத்தைச் சாப்பிடும். அது திரும்ப வராது. செப்பனிடற லேப்ல எவ்வளவு பெரிய நிபுணர் இருந்தாலும், வெளிறினது வெளிறினதுதான்.

இதை நம்ம பாஷைல சொல்றேன். ஒவ்வொரு படத்துக்கும் வாழ்நாள் முழுக்க இவ்வளவு வெளிச்சம்தான்னு ஒரு பட்ஜெட் இருக்கு. 500 லக்ஸ்ல ஒரு மணி நேரம் காட்டினாலும், 50 லக்ஸ்ல பத்து மணி நேரம் காட்டினாலும் செலவு ஒண்ணுதான். இன்னிக்கு நமக்குப் பளிச்சுன்னு காட்டிட்டா, நம்ம பேரப் பசங்களுக்கு மிச்சம் இருக்காது. அதனாலதான் காகிதப் படங்களைச் சில மாசம் மாட்டிட்டு, கழட்டி இருட்டு அறைக்கு அனுப்பிடறாங்க.

ஆனா பார்க்கறவன் கண்ணு 1,00,000-ல இருந்து 50-க்கு ஒரே குதியில இறங்காது. சில நிமிஷம் எடுக்கும். அதனால நல்ல மியூசியம் படிப்படியா இறக்கும். வெளித் திண்ணை, லாபி, ஒரு நடை, அப்புறம் காலரி. ஒவ்வொரு கட்டத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா மங்கும். ரிசப்ஷன் சும்மா டிக்கெட் கொடுக்கற இடம் இல்லை, அது கண்ணுக்கான காத்திருப்பு அறை.

இதை நான் பெருமையா விளக்கினதும் அப்பா சொன்னார்: "கோயில் மாதிரி." கரெக்ட். எங்களுக்குப் பக்கத்துல திருமுல்லைவாயல் மாசிலாமணீஸ்வரர் கோயில். வெயில்ல இருந்து கோபுர வாசல், பிராகாரம், மண்டபம், அர்த்த மண்டபம், கடைசில கருவறை. ஒவ்வொரு வாசல் தாண்டும்போதும் வெளிச்சம் ஒரு படி குறையும். கருவறைல ஒரு விளக்கு போதும். நீங்க அங்க போய் சேர்றதுக்குள்ள உங்க கண்ணும் தயார், மனசும் தயார். இந்த ஒரு சூட்சுமத்தை நம்ம ஸ்தபதிகள் கல்லுல எழுதி வெச்சு எத்தனையோ நூற்றாண்டு ஆச்சு.

அடுத்த கேள்வி: "இவ்வளவு ஏசி ஓடுது, டக்ட் எங்கடா?" படங்களுக்கு வெளிச்சத்துக்கு அடுத்த எதிரி ஈரப்பதம். உலகத்துப் பெரிய மியூசியங்கள் பல இப்ப ஒத்துக்கிட்ட அளவு: ஈரப்பதம் 40-ல இருந்து 60 சதவீதம், வெப்பம் 16-ல இருந்து 25 டிகிரி. சென்னைல காலைல எழுந்தாலே ஈரப்பதம் 70, 80. அதாவது நம்ம ஊர்ல மியூசியம் கட்டறது, கடல் நடுவுல ஒரு காய்ந்த பெட்டி செய்யற மாதிரி. அந்தப் பெட்டிக்குள்ள ஓடற டக்ட், பைப், ஒயர் எல்லாத்தையும் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல மறைக்கறதுதான் இன்டீரியர்ல பாதி வேலை.

மறைக்காம விட்டா? அதையும் செஞ்சுட்டாங்க. பாரிஸ்ல பாம்பிடு சென்டர், 1977-ல திறந்தது, ரென்சோ பியானோவும் ரிச்சர்ட் ரோஜர்ஸும் வடிவமைச்சது. குடலை எல்லாம் எடுத்து வெளியில மாட்டிட்டாங்க. காத்துப் போற குழாய் நீலம், தண்ணி பச்சை, கரண்ட் மஞ்சள், ஆள் போற எஸ்கலேட்டர், லிஃப்ட் சிவப்பு. உள்ள முழுக்க காலி இடம், எப்படி வேணும்னாலும் தடுத்துக்கலாம். போன்ல படம் காட்டினேன். அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். "மெயின்டனன்ஸ் பண்றவனுக்கு நல்லது"ன்னார். பாம்பிடு பத்தி நான் படிச்ச கட்டுரைகள்ல இந்தக் கோணம் வரலை.

வெள்ளைச் சுவரும் ஒரு பெஞ்சும்

மாடர்ன் ஆர்ட் மியூசியம்னா நம்ம மனசுல வர்றது என்ன? வெள்ளைச் சுவர், ஜன்னல் இல்லை, ரெண்டு படத்துக்கு நடுவுல நிறைய இடைவெளி. இது இயற்கை இல்லை, ஒரு காலத்துல வந்த பழக்கம். 19-ம் நூற்றாண்டு ஐரோப்பாவுல படங்களை தரையில இருந்து கூரை வரைக்கும் சுவரே தெரியாம மாட்டுவாங்க, நம்ம வீட்டுக் கூடத்துல சாமி படம் மாதிரி. சுவர் சிவப்பு, பச்சைன்னு அழுத்தமான நிறத்துல இருக்கும். 1929-ல தொடங்கின நியூயார்க் மாடர்ன் ஆர்ட் மியூசியமும் அதோட முதல் இயக்குநர் ஆல்ஃப்ரெட் பாரும் சேர்ந்துதான் வெறும் சுவர்ல ஒரே வரிசையா, கண் மட்டத்துல மாட்டற முறையைப் பிரபலமாக்கினாங்க. 1976-ல பிரையன் ஓ'டோஹர்ட்டி என்ற கலைஞர் இதுக்கு 'வெள்ளைக் கனசதுரம்'னு பேர் வெச்சு விமர்சிச்சு எழுதினார். வெளி உலகமே தெரியாத மாதிரி அடைச்சுட்டா, உள்ள வைக்கற எதுவும் புனிதமாயிடும்னு.

புனிதமான இடத்துல எங்க அப்பா மாதிரி ஆள் என்ன செய்வார்? கையைப் பின்னாடி கட்டிக்குவார். குரலைக் குறைச்சுக்குவார். வேகமா நடப்பார். முதல் காலரியை அப்பா எட்டு நிமிஷத்துல முடிச்சார். பத்து செகண்ட், அடுத்த படம். அவருக்கு சலிப்பு இல்லை, பயம். ரொம்ப நேரம் நின்னா யாராவது 'என்ன புரிஞ்சது?'ன்னு கேட்டுடுவாங்களோன்னு.

அதை மாத்தினது ஒரு பெஞ்ச்.

பாஸ்டன் மியூசியத்துல பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன்னு ஒருத்தர் வேலை பார்த்தார். 1916-ல 'மியூசியம் களைப்பு' பத்தி ஒரு கட்டுரை போட்டார். ஒரு ஆளைக் கண்ணாடிப் பெட்டிங்க முன்னாடி நிக்க வெச்சு, ஒவ்வொண்ணையும் பார்க்க அவர் எப்படிக் குனியறார், எப்படி எட்டிப் பார்க்கறார், எப்படி மண்டி போடறார்னு வரிசையா போட்டோ எடுத்தார். ரசனை இல்லைன்னு நாம சொல்ற பல நேரத்துல உண்மையில இடுப்பு வலிதான் இருக்குன்னு அந்தப் படங்களைப் பார்த்தாலே புரியும். யூஸர் டெஸ்டிங்னு இன்னிக்கு நாம சொல்றதை அந்த மனுஷன் நூறு வருஷத்துக்கு முன்னாடியே செஞ்சுட்டார்.

31 வருஷம் பிரஸ் முன்னாடி நின்ன கால் எங்க அப்பாவுக்கு. பெஞ்சைப் பார்த்ததும் உக்காந்தார். உக்காந்ததால பார்த்தார். எதிர்ல ஜோதி பட் எடுத்த புகைப்படங்கள். குஜராத்தைச் சேர்ந்த ஓவியர். கிராமத்து வீட்டுச் சுவர்லயும் தரையிலயும் பெண்கள் வரையற சித்திரங்களைப் பல வருஷம் ஊர் ஊராப் போய் படம் எடுத்தவர். கறுப்பு வெள்ளை. ஒரு மண் சுவர், அதுல வெள்ளைக் கோடு.

அப்பா பேசவே இல்லை. நான் போனை எடுத்துப் பார்த்துட்டு இருந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "எங்க அம்மா பொங்கலுக்கு இந்த மாதிரிதான் சுவத்துல காவி அடிச்சு கோலம் போடும். திருவள்ளூர் வீட்டுல. அடுத்த மழைக்கு அது போயிடும். யாரும் போட்டோ எடுக்கல"ன்னார்.

நான் என் ஆயாவைப் பார்த்ததே இல்லை. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. அவங்க கோலம் போடுவாங்கன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

'எனக்கு அதுல என்ன தெரியும்'னு வாசல்ல கேட்ட ஆள் இவர்தான்.

நம்ம ஊர்ல என்ன இருக்கு?

திரும்பி வரும்போது ட்ரெயின்ல நான் கணக்குப் போட்டேன். சென்னைல நவீன ஓவியம் பார்க்க எங்க போகணும்? கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமி. ஈசிஆர்ல ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம். கே.சி.எஸ். பணிக்கர் தலைமைல கலைஞர்கள் 1966-ல சேர்ந்து உருவாக்கின கிராமம், 2009-ல அங்கேயே ஒரு மியூசியமும் திறந்தாங்க. இன்னும் கீழ போனா முட்டுக்காட்டுல தட்சிணசித்ரா. எல்லாம் கிழக்கு, தெற்கு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லில இத்தனை லட்சம் பேர் இருக்கோம், ஒரு காலரி எனக்குத் தெரிஞ்சு இல்லை. கலைக்கு கடற்கரை ஓரம், உழைப்புக்கு எங்க பக்கம்னு யாரோ மேப்ல கோடு போட்ட மாதிரி இருக்கு.

நமக்குக் கிட்ட இருக்கறது எழும்பூர்தான். பாந்தியன் ரோடு கவர்ன்மென்ட் மியூசியம் வளாகத்துல சிவந்த கல்லுல ஒரு கட்டடம் இருக்கே, நேஷனல் ஆர்ட் காலரி. ஹென்றி இர்வின் வடிவமைச்சது. மைசூர் அரண்மனை செஞ்ச அதே ஆள். கட்டினவர் நம்ம தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டி. 1906-ல அடிக்கல், 1909-ல திறப்பு. ஃபதேபூர் சிக்ரியை நினைவுபடுத்தற உயரமான வாசல். அந்தச் சிவப்புக் கல் எங்க இருந்து வந்தது தெரியுமா? சத்தியவேடு. ஊத்துக்கோட்டை தாண்டினா வர்ற ஊர். எங்க பக்கத்துக் கல்லுதான் எழும்பூர்ல நிக்குது.

இன்னொரு விஷயம். அது முதல்ல ஓவியக் கூடமாக் கட்டினது இல்லை. விக்டோரியா நினைவு மண்டபமும் டெக்னிகல் இன்ஸ்டிட்யூட்டும். மெட்ராஸ் மாகாணத்துக் கைவினைஞர்களோட வேலையை வளர்க்கவும் காட்டவும்னு வந்த அமைப்பு. 1951-ல தான் அது நேஷனல் ஆர்ட் காலரி ஆச்சு, நேரு திறந்து வெச்சார். அப்புறம் கட்டடம் பலவீனமாகி பல வருஷம் பூட்டியே கிடந்தது. நான் ஸ்கூல் டூர் போனப்ப வெளிய இருந்துதான் பார்த்தேன்.

யோசிச்சுப் பாருங்க. கையால வேலை செய்யறவங்களுக்காகத் தொடங்கின ஒரு இடம். நூறு வருஷம் கழிச்சு, கையால வேலை செய்யற ஒருத்தர் ஆர்ட் காலரி வாசல்ல நின்னு 'எனக்கு என்ன தெரியும்'னு கேக்கறார்.

நார்த் லைட்

இப்ப அந்த வார்த்தைக்கு வர்றேன். ஷெட்டை இடிக்கப் போறாங்கன்னு அப்பா சொன்ன அன்னைக்கு, சாப்பிட்டுட்டு இருந்தோம். அவர் வேலை போறதைப் பத்திப் பேசலை. "அந்த பெங்களூர் மியூசியத்துல எல்லாமே லைட்டுதான் இல்ல? நம்ம ஷெட்ல பத்துல இருந்து நாலு வரைக்கும் டியூப் லைட்டே போட மாட்டோம்"ன்னார்.

எஸ்டேட் பழைய ஷெட்டுங்களோட கூரையைக் கவனிச்சிருக்கீங்களா? ரம்பப் பல்லு மாதிரி இருக்கும். ஒரு பக்கம் சாய்வா கூரை, இன்னொரு பக்கம் நிமிர்ந்த கண்ணாடி. அந்தக் கண்ணாடி எப்பவும் வடக்கைப் பார்க்கும். அதான் நார்த் லைட் ஷெட். நம்ம அட்சரேகைல வருஷத்துல பெரும்பகுதி சூரியன் தெற்குப் பக்கமாப் போகும். அதனால வடக்குக் கண்ணாடி வழியா வெயில் நேரா விழாது, வானத்தோட வெளிச்சம் மட்டும் சமமா இறங்கும். நிழல் விழாது, கண்ணு கூசாது. அளவு பார்க்கறவனுக்கு, டை செட் பண்றவனுக்கு அது உயிர். ஓவியர்கள் ஸ்டுடியோவுக்கு வடக்கு ஜன்னல் தேடறதும் இதுக்காகத்தான்.

சென்னை 13 டிகிரில இருக்கறதால ஒரு சின்ன சிக்கல். ஏப்ரல் கடைசில இருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரைக்கும் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போயிடும். "சித்திரை பொறந்து கொஞ்ச நாள்ல இருந்து ஆடி வரைக்கும் உள்ள அடிக்கும். கண்ணாடில சுண்ணாம்பு அடிச்சு விடுவோம். மழை வந்து அதுவே கழுவிடும்"னு அப்பா சொன்னார். எந்த டைமரும் இல்லாத ஆட்டோமேட்டிக் சிஸ்டம்.

இப்ப உலகத்துல ரெண்டு இடம் சொல்றேன். அமெரிக்காவுல டெக்சஸ், கிம்பெல் மியூசியம், 1972. வடிவமைச்சது லூயி கான், அகமதாபாத் ஐஐஎம் கட்டினவர். கூரை நடுவுல ஒரு நீளமான பிளவு. அதுக்குக் கீழ ஓட்டை போட்ட அலுமினியத் தகடு சிறகு மாதிரி வளைஞ்சு தொங்கும். வெயில் அதுல பட்டு மேல தெறிச்சு, கான்கிரீட் கூரை முழுக்க வெள்ளி மாதிரிப் பரவும். உலகத்துலயே அழகான மியூசிய வெளிச்சம்னு பலர் சொல்றது அதைத்தான். அந்த அழகு ஒரு தகட்டு வேலை.

ரெண்டாவது, நியூயார்க் பக்கத்துல டியா பீக்கன். 1929-ல கட்டின பிஸ்கட் கம்பெனியோட டப்பா அச்சடிக்கற ஃபேக்டரி. ரம்பப் பல் கூரை. 2003-ல அதை அப்படியே மியூசியமா மாத்தினாங்க. முக்கியமா அந்தக் கூரை வெளிச்சத்தை நம்பித்தான் அந்த மியூசியம் நடக்குது. நம்ம பாடில பிரிட்டானியான்னு ஒரு பஸ் ஸ்டாப் இருக்கு. சின்ன வயசுல அந்த வழியா போனா பிஸ்கட் வாசனை வரும். அங்க பிஸ்கட் டப்பா ஃபேக்டரி மியூசியம் ஆச்சு, இங்க பஸ் ஸ்டாப் பேரு மட்டும் மிச்சம்.

ஒரு பெரிய கோரிக்கை வெச்சு முடிக்கப் போறேன்னு நினைக்காதீங்க. எல்லா ஷெட்டையும் மியூசியம் ஆக்க முடியாது. காகிதம், துணி வைக்கணும்னா ஈரப்பதம், வெயில்னு நான் மேல சொன்ன அத்தனை சிக்கலும் வரும். இடத்து மதிப்பு, கடன், குடும்பம் எல்லாம் இருக்கு. அந்த ஓனர் இடத்துல நான் இருந்தாலும் வித்திருப்பேன். ஆனா 1960-கள்ல தொடங்கி 1,000 ஏக்கருக்கு மேல பரவியிருக்கற ஒரு எஸ்டேட்ல, ஒரே ஒரு ஷெட்டாவது நிக்கட்டும்னு கேக்கறது பேராசையா? சிற்பம் வைக்கலாம், இரும்பு வேலை வைக்கலாம், அவ்வளவு ஏசி வேண்டாம். வெளிச்சம் ஏற்கெனவே இருக்கு. உயரம் இருக்கு. தரை பத்து டன் பிரஸ்ஸைத் தாங்கின தரை. ரெண்டு தெரு தள்ளி இருக்கறவங்க யாரும் வாசல்ல தயங்க மாட்டாங்க. அது அவங்க ஷெட்.

போன சனிக்கிழமை அப்பாவோட அங்க போனேன். மெஷின் எல்லாம் கழட்டியாச்சு. நான் இத்தனை வருஷத்துல அந்த இடத்தைக் காலியாப் பார்த்ததே இல்லை. காலை பதினொரு மணி. தரையில எண்ணெய்க் கறை, பிரஸ் இருந்த இடத்துல நாலு போல்ட் ஓட்டை, மேல இருந்து சமமா இறங்கற வெளிச்சம். ஒரு கோடு நிழல் இல்லை. அப்பா தன் பழைய மெஷின் இருந்த இடத்துல போய் நின்னார். கையைப் பின்னாடி கட்டிக்கலை. சத்தமாவே பேசினார்.

நான் போட்டோ எடுத்தேன். ஆயா கோலத்தை யாரும் எடுக்கலைன்னு சொன்னாரே, அதுக்காக.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. அப்பாவையோ அம்மாவையோ ஒரு மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. எழும்பூர் போதும். படத்தைப் பத்தி நீங்க எதுவும் விளக்காதீங்க. பெஞ்ச் இருக்கற இடமாப் பார்த்து உக்கார வெச்சுட்டு, அவங்க என்ன சொல்றாங்கன்னு கேளுங்க. கேட்டதை எனக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. சிலதை அடுத்த எபிசோட்ல போடறேன்.